இருமலை எந்தக் கணக்கில் எழுதினோம்?

போன தடவை ஜி.எஸ்.டி. பற்றி எழுதி எல்லாரையும் தூங்க வைத்துவிட்டதாக வகுப்பில் ஒருவன் சொன்னான். அதனால் இந்தத் தடவை சரித்திரம். சரித்திரம் என்றதும் சோழர், பாண்டியர் என்று நினைத்துவிடாதீர்கள். நாம் எல்லோரும் பார்த்த சரித்திரம். கொரோனா காலத்தில் காசநோய்க்கு என்ன ஆனது என்பதுதான் விஷயம்.

ஒரு தேதியில் இருந்து ஆரம்பிக்கிறேன். மார்ச் 24. 1882ஆம் ஆண்டு அந்த நாளில்தான் ராபர்ட் காக் என்ற ஜெர்மன் டாக்டர், காசநோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று பெர்லினில் அறிவித்தார். அதனால் வருஷா வருஷம் அன்றைக்கு உலகக் காசநோய் நாள். 2020ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று என்ன நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு. இரவு 8 மணிக்குப் பிரதமர் டி.வி.யில் வந்து நாடு முழுக்க ஊரடங்கு என்றார். அன்றைக்குக் காசநோய் நாள் என்று யாருக்கு ஞாபகம் இருந்திருக்கும்? எனக்கு நிச்சயமாக இல்லை. பரீட்சை நடக்குமா நடக்காதா என்ற கவலையில் இருந்தேன்.

இப்போது இரண்டு எண்கள். 2019இல் இந்தியாவில் காசநோயாளிகள் என்று அரசிடம் பதிவானவர்கள் 24.04 லட்சம் பேர். 2020இல் 18.05 லட்சம். ஒரே வருஷத்தில் கிட்டத்தட்ட 6 லட்சம் பேர் குறைந்துவிட்டார்கள். நாலில் ஒரு பங்கு!

அக்கவுண்டன்சி படிக்கிறவர்கள் இந்த மாதிரி எண்ணைப் பார்த்ததும் சந்தேகப்பட வேண்டும். பிளஸ் ஒன்னில் பிழைத் திருத்தம் பாடத்தில் 'விடு பிழை' என்று ஒன்று படித்தோமே? ஒரு நடவடிக்கையை ஏட்டில் எழுதவே இல்லை என்றால் பற்றிலும் வராது, வரவிலும் வராது. இருப்பாய்வு அழகாக டேலி ஆகும். டேலி ஆனதாலேயே கணக்கு சரி என்று நாம் நினைத்துக்கொள்வோம். 2020இல் நடந்தது அதுதான். நோய் குறையவில்லை. ஏட்டில் ஏறவில்லை, அவ்வளவுதான். சில இடங்களில் வேறு தலைப்பில் ஏறிவிட்டது. கொரோனா, நிமோனியா, டஸ்ட் அலர்ஜி, இப்படி.

குறைந்திருக்கவே முடியாதா என்று கேட்கலாம். நானும் கேட்டேன். எல்லாரும் மாஸ்க் போட்டோம், வீட்டுக்குள் இருந்தோம், பரவல் குறைந்திருக்காதா? கொஞ்சம் குறைந்திருக்கலாம். ஆனால் காசநோய்க் கிருமி உடம்புக்குள் போன மறுவாரமே நோயாக வருவதில்லை. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் உள்ளே தூங்கிக்கொண்டு இருக்கும். 2020இல் இருமியவர்களில் பலருக்குக் கிருமி அதற்கு முன்பே உள்ளே போயிருக்கும். ஊரடங்கு போட்டதும் ஆறு லட்சம் பேருக்கு நோய் சட்டென்று காணாமல் போக வழியே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கும் இதைத்தான் சொன்னது. உலக அளவில் பதிவானவர்கள் 71 லட்சத்தில் இருந்து 58 லட்சமாக இறங்கினார்கள். ஆனால் இறப்பு, எச்.ஐ.வி. உள்ளவர்களையும் சேர்த்தால், 14 லட்சத்தில் இருந்து 15 லட்சமாக ஏறியது. பத்து வருஷத்துக்கும் மேலாக இறங்கிக்கொண்டே இருந்த எண் அது. நோயாளி குறைகிறார், சாவு கூடுகிறது என்றால் ஏடு எழுதியதில்தான் தப்பு. உலக அளவில் குறைந்த அந்த எண்ணிக்கையில் 41 சதவீதம் இந்தியாவுடையது என்பது கொசுறுத் தகவல்.

ஏன் ஏட்டில் ஏறவில்லை? இங்கே நம்ம ஊருக்கு வருவோம்.

திருப்பூரில் இருமல் என்பது பெரிய விஷயமே கிடையாது. பனியன் கம்பெனியில் பஞ்சுத் தூசி பறக்கும். கட்டிங் டேபிளில் நின்றால் சாயங்காலம் மூக்குக்குள் துணியின் கலரே வரும். பல்லடம், அவிநாசிப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இன்னும் மோசம். பருத்தித் தூசியால் வருகிற 'பிசினோசிஸ்' என்ற நுரையீரல் நோய் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருந்தது. லீவு முடிந்து திங்கட்கிழமை மில்லுக்குள் போனதும் நெஞ்சு இறுகும். அதனால் இருமினால் 'தூசிங்க' என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பது இங்கே பழக்கம். கொரோனாவுக்கு முன்னாலேயே நம்மிடம் இருமலுக்கு ஒரு பொய்ப்பெயர் தயாராக இருந்தது.

2020இல் இரண்டாவது பெயர் வந்தது. அது பயமுறுத்தும் பெயர். இருமினால் ஆம்புலன்ஸ் வரும், வீட்டு வாசலில் தகரம் அடிப்பார்கள், 14 நாள் சம்பளம் போகும். சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடன் அடைக்கிற ஊரில் 14 நாள் என்றால் சும்மாவா? அதனால் ஜனங்கள் இருமலை விழுங்கினார்கள். பஸ்ஸில் ஒருத்தர் இருமினால் சுற்றி நாலு சீட் காலியானதை நானே பார்த்திருக்கிறேன். கம்பெனி கேட்டில் காலையில் நெற்றியில் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்துக் காய்ச்சல் பார்த்தார்களே, அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காசநோய்க் காய்ச்சல் பொதுவாக சாயங்காலம் ஏறும், ராத்திரி வேர்த்து ஊற்றும், காலையில் இறங்கிவிடும். காலை எட்டரை மணி கேட்டில் அது ஒருநாளும் மாட்டாது.

மூன்றாவது காரணம் மெஷின். சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடுகிற சிபிநாட் என்ற கருவி இரண்டு மணி நேரத்தில் ரிசல்ட் தரும். கோவாவில் ஒரு கம்பெனி செய்த ட்ரூநாட் என்ற சின்னக் கருவியும் உண்டு. இரண்டும் காசநோய்த் திட்டத்துக்காக நாடு முழுக்க வைக்கப்பட்டிருந்தவை. 2020 ஏப்ரலில் ஐ.சி.எம்.ஆர். ட்ரூநாட்டைக் கொரோனாவுக்கும் பயன்படுத்தலாம் என்றது. சிபிநாட்டும் அதே வேலைக்குப் போனது. லேப் டெக்னீஷியனும் போனார். காசநோய்ப் பிரிவில் வீடு வீடாகப் போகிறவர்கள் கொரோனா தொடர்பு தேடப் போனார்கள். தப்பு என்று சொல்ல வரவில்லை. வீடு பற்றி எரியும்போது கையில் கிடைத்த குடத்தைத்தான் தூக்குவோம். ஆனால் அது சமையலுக்கு வைத்திருந்த தண்ணீர் என்பதும் உண்மைதானே.

இப்போது என் வீட்டுக் கதை. மாமாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ('எழுது கண்ணு, பேரு மட்டும் போட்டுறாத' என்றார்.)

மாமா கட்டிங் மாஸ்டர். 2021 ஏப்ரலில் இருமல் ஆரம்பித்தது. அம்மா, 'ஏண்டா தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போனா என்ன' என்று போனில் தினமும் திட்டுவார். 'தூசிதானுங்க்கா' என்பார் மாமா. மே மாதம் இரண்டாம் அலை உச்சத்தில் காய்ச்சலும் சேர்ந்தது. மூக்கில் குச்சி விட்டு எடுத்த டெஸ்ட் நெகட்டிவ். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். 'நெகட்டிவ் வந்தாலும் நெஞ்சுல இருக்குதுங்க, இப்ப எல்லாம் கொரோனாதான்' என்று டாக்டர் சொன்னாராம். அந்த டாக்டரை நான் குறை சொல்லமாட்டேன். அந்த மாதத்தில் அவர் முன்னால் வந்த நூறு பேரில் பெரும்பாலோருக்கு அது உண்மைதான். குச்சி டெஸ்ட் பல பேருக்குக் கொரோனாவைத் தவறவிட்டதும் உண்மை.

ஸ்கேன் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் எனக்கு வந்தது. வீட்டில் இங்கிலீஷ் படிப்பது நான்தான். அப்போது எல்லாரும் ரிப்போர்ட்டில் தேடியது ஒரே ஒரு விஷயம். 25க்கு எத்தனை? நுரையீரல் எவ்வளவு பாதிப்பு என்பதற்கு ஒரு ஸ்கோர் போடுவார்களே, அது. மாமாவுக்கு 7. நான் போன் பண்ணி, 'மாமா, 25க்கு 7தான், பயப்பட ஒண்ணுமில்ல' என்று பாஸ் மார்க் சொல்கிற மாதிரி சொன்னேன். எல்லாருக்கும் சந்தோஷம்.

மாத்திரைகள் கொடுத்தார்கள். அதில் ஒன்று ஸ்டீராய்டு. பத்து நாளில் காய்ச்சல் போனது, பசி வந்தது. கொரோனா போய்விட்டது என்று முடிவு செய்தோம். கம்பெனி திறந்ததும் மாமா வேலைக்கும் போனார்.

இங்கேதான் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்ட விஷயம் வருகிறது. 2020 ஜூனில் இங்கிலாந்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், ஆக்ஸிஜன் தேவைப்படும் அளவுக்கு மோசமான கொரோனா நோயாளிகளை டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு காப்பாற்றுகிறது என்று தெரிந்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. ஆனால் நம்ம ஊரில் மெடிக்கல் ஷாப் வரைக்கும் அது வந்துவிட்டது. ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்கும், காய்ச்சலை இறக்கும், அதனால் காசநோய் உள்ளவருக்கும் கொஞ்ச நாள் நன்றாக இருப்பது போலத் தோன்றும். கூடவே உடம்பின் எதிர்ப்பையும் அடக்கும். உள்ளே கிருமிக்குக் கொண்டாட்டம். நிமோனியாவுக்குக் கொடுக்கிற லிவோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக்கும் இதே மாதிரி ஒரு தற்காலிகத் தெம்பைக் கொடுத்து உண்மையான நோயை மறைத்துவிடும். மருந்து வேலை செய்தது, ஆகவே நோய் இதுதான் என்று நினைப்பது எவ்வளவு பெரிய பொறி பாருங்கள்.

ஜூலையில் இருமல் திரும்ப வந்தது. இந்தத் தடவை அதற்கு 'கொரோனாவுக்கு அப்புறம் வர்ற இருமல்' என்று பெயர். சட்டை தொளதொளவென்று ஆனது. ஆகஸ்டில் சளியில் ரத்தம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸ் அக்கா, 'எத்தன வாரமா இருமறீங்க?' என்று கேட்டார். நாலு மாதத்தில் அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் அவர்தான். சளியை எடுக்கச் சொன்னார். மூக்கில் இருந்து அல்ல, அடி நெஞ்சில் இருந்து இருமி எடுத்த சளி. காசநோய்க் கிருமி அங்கேதான் கிடைக்கும். கொரோனா குச்சி டெஸ்ட் கொரோனாவை மட்டுமே தேடும். காசநோய் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் அதற்குத் தெரியாது. ரிசல்ட் பாசிட்டிவ்.

அன்று ராத்திரி நான் அந்த மே மாத ரிப்போர்ட்டைத் திரும்பத் திறந்து படித்தேன். ஸ்கோருக்குக் கீழே நாலாவது வரியில் இருந்தது. வலது நுரையீரலின் மேல் பகுதியில் ஒரு சிறு குழி, சளிப் பரிசோதனை செய்து பார்க்கவும் என்று. கொரோனா பெரும்பாலும் இரண்டு பக்கமும் கீழே, ஓரங்களில் மேகம் போல் தெரியும். காசநோய் மேல் பகுதியில் குழி பறிக்கும். ஸ்கேன் பார்த்தவர் சரியாகத்தான் எழுதியிருந்தார். டாக்டரும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை.

ஆறு மாதம் மாத்திரை. மாமா பிழைத்துக்கொண்டார். ஆனால் கட்டிங் டேபிளில் நின்றால் மூச்சு வாங்குகிறது, இப்போது செக்கிங்கில் உட்கார்ந்து வேலை செய்கிறார். சம்பளம் குறைவு. அப்போது மாமா பொண்ணுக்கு நாலு வயசு. அவளுக்கு நோய் இல்லை என்றாலும் வராமல் இருக்க ஆறு மாதம் தினமும் மாத்திரை. ஜாமில் மறைத்து அத்தை கொடுப்பார். கண்டுபிடித்துத் துப்பிவிடுவாள்.

இதெல்லாம் எங்கள் வீட்டுக்கு மட்டும் நடந்தது என்றால் எழுதியிருக்க மாட்டேன். பெயர் மாறிப்போவது பெருந்தொற்றுகளின் பழைய பழக்கம். 1918 இன்ஃப்ளூயன்ஸா இந்தியாவில் மட்டும் ஒரு கோடிப் பேருக்கு மேல் கொன்றது. அதற்குப் பிறகு அமெரிக்காவில் காசநோய்ச் சாவு வேகமாக இறங்கியது. ஏன்? ஆண்ட்ரூ நாய்மர், மிஷேல் கரென் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு ஒரு விளக்கம் சொன்னார்கள். காசநோயால் பின்னாளில் சாக இருந்தவர்களில் பலர் 1918லேயே இன்ஃப்ளூயன்ஸா என்ற பெயரில் போய்விட்டார்கள் என்று. ஒரு தலைப்பில் எழுத வேண்டியது இன்னொரு தலைப்பில் முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று நம்ம பக்கத்து ஊர்க்காரருடையது. 1887இல் ஈரோட்டில் பிறந்த கணித மேதை ராமானுஜன். 1917இல் இங்கிலாந்தில் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. ராத்திரிக் காய்ச்சல், மெலிவு, வலி. முதலில் வயிற்றுப்புண் என்றார்கள், பிறகு வேறு சில பெயர்கள், கடைசியில் காசநோய். அந்தக் காலத்தில் ஒரு இளைஞன் மெலிந்து காய்ச்சலில் கிடந்தால் அதுதான் முதலில் வாயில் வரும் பெயர். மெண்டிப் மலையில் ஒரு சானடோரியம், அப்புறம் மாட்லாக்கில் ஒன்று. ஜன்னலைத் திறந்து போட்டுக் குளிரில் படுக்க வைப்பதுதான் அன்றைய வைத்தியம். (மெண்டிப் சானடோரியத்தை நடத்தியவர் டேவிட் சௌரி முத்து என்ற நம்ம ஊர் டாக்டர். 1928இல் தாம்பரம் சானடோரியத்தைத் தொடங்கியவரும் அவரே.) உலகமே 1918 காய்ச்சலில் துடித்தபோது ராமானுஜன் இங்கிலாந்தில் இந்தப் பெயரைச் சுமந்துகொண்டு படுத்திருந்தார். 1919இல் ஊர் திரும்பி, நம்ம கொடுமுடியில் காவிரிக்கரையில் கொஞ்ச நாள் இருந்தார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் 32 வயதில் இறந்தார். 1994இல் டி.ஏ.பி. யங் என்ற டாக்டர் பழைய குறிப்புகளை எல்லாம் புரட்டி, அது காசநோயாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு, ஈரலில் அமீபாத் தொற்று என்று வாதாடினார். முன்பு இந்தியாவில் அவருக்கு வந்த வயிற்றுக்கடுப்பின் தொடர்ச்சி. அந்த நோய்க்கு அன்றைக்கே மருந்து உண்டு. இது முடிந்த முடிவு அல்ல, நூறு வருஷம் கழித்து யாரும் சளி எடுத்துப் பார்க்க முடியாது. ஆனால் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவருக்கு இல்லாத காசத்தைப் பார்த்தார்கள், மாமாவுக்கு இருந்த காசத்தைப் பார்க்கவில்லை. இரண்டிலும் டாக்டர் கண்ணில் முதலில் பட்டது அந்தக் காலத்தில் பேர்போன நோய்.

ராமானுஜன் இறந்த அதே சேத்துப்பட்டில்தான் 1956இல் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கினார்கள். வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்திருப்பதைப் போலவே குணமாகும் என்று 1959இல் உலகத்துக்கு நிரூபித்தது அந்த இடம். அதற்குப் பிறகு சானடோரியங்களின் காலம் மெல்ல முடிந்தது. நம்ம பெருந்துறையில் 'சானடோரியம்' என்ற பெயர் இன்னும் நிற்கிறது. காசநோய்க்காரர்களுக்கு என்று உண்டான இடம், பிறகு போக்குவரத்துத் துறை நடத்திய மருத்துவக் கல்லூரி, இப்போது அரசுக் கல்லூரி. 2020 மார்ச்சில் ஈரோட்டுக்கு வந்திருந்த தாய்லாந்துக்காரர்களைக் கொரோனாவுக்காக வைத்திருந்ததும் அங்கேதான். ஒரே வளாகத்தில் இரண்டு நோயின் சரித்திரமும் இருக்கிறது.

அரசு தூங்கிக்கொண்டு இருந்தது என்றும் சொல்ல முடியாது. 2020 ஆகஸ்டிலேயே, கொரோனா நோயாளிக்குக் காசநோயும் காசநோயாளிக்குக் கொரோனாவும் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்லி மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டுதல் போட்டது. 2022 ஜனவரியில், இருமல் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காசநோய் டெஸ்ட் எடுக்கவும் என்று கொரோனா சிகிச்சைக் குறிப்பிலேயே எழுதினார்கள். மாமாவுக்கு எட்டு மாதம் லேட். அதே 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் வந்தது. புதிதாகக் கண்டுபிடித்தவர்களில் யார் ரொம்ப மோசமாக இருக்கிறார்கள் என்று எடை, கால் வீக்கம், மூச்சு, ஆக்ஸிஜன் எல்லாம் பார்த்து உடனே படுக்கை கொடுக்கிறார்கள். கொரோனாவுக்கு வாங்கிய ஆக்ஸிமீட்டர் இப்போது காசநோய்க்காரர் விரலில் மாட்டுகிறது. நாடு முழுக்கப் பதிவும் 2022இல் 24.2 லட்சம், 2023இல் 25.5 லட்சம் என்று ஏறியது. விட்டுப்போன பதிவுகள் பின்தேதியில் ஏறுகின்றன.

எல்லாப் பதிவும் ஏறியதா என்பதுதான் என் சந்தேகம். மாமா அந்த ஜூலை, ஆகஸ்ட் முழுக்கக் கம்பெனி வேனில் போய் வந்தார். ஜன்னல் மூடிய வேன், 17 பேர். மாத்திரை ஆரம்பித்த வாரத்தில் மாமா ஒரு நோட்டில் பேர் எழுதி ஒவ்வொருத்தருக்காகப் போன் பண்ணினார். 'எனக்கு டி.பி.ங்க, நீங்களும் ஒருக்கா சளி பாத்துருங்க' என்று. அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இரண்டு பேர் அதற்குப் பிறகு அவரோடு பேசுவதில்லை. 12 பேர் போய்ப் பார்த்தார்கள், ஓவர்லாக் ஓட்டுகிற ஒரு அக்காவுக்கு மட்டும் பாசிட்டிவ், சீக்கிரமே தெரிந்ததால் இப்போது நல்லா இருக்கிறார். மீதி மூன்று பேர் ஒடிசாப் பையன்கள், ஹெல்ப்பர் வேலை. அதற்குள் ஊருக்குப் போய்விட்டார்கள், சிம் மாற்றியிருப்பார்கள் போல. அந்த நோட்டு இன்னும் மாமா வீட்டு பீரோவில் ஸ்கேன் பிலிமோடு இருக்கிறது. போன மாதம் போனபோது வாங்கிப் பார்த்தேன். மூன்று பேருக்கு நேராக டிக் இல்லை.

ராமானுஜன் நோய் பற்றி இன்னும் நிறைய இருக்கிறது, தனியாக எழுதுகிறேன். இப்போதைக்கு காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல் கூப்பிடுகிறது :-)